23 ஆண்டுச் சோர்வுக்குப் பெயர் உண்டு: பிட்யூட்டரி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. கேட்பவரின் அம்மாவுக்கு வயது 51. 23 ஆண்டுகளுக்கு முன் தம்பி பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல், மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அன்று தொடங்கிய சோர்வு இன்றுவரை தீரவில்லை. சென்ற ஆண்டு இரண்டு முறை காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்து, சோடியம் குறைந்து, நினைவு தப்பிவிட்டது. இடையில் தைராய்டு மாத்திரை தொடங்கியதும் உடம்பு இன்னும் மோசமானது. கடைசியில் மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, பிட்யூட்டரி சுரப்பி சுருங்கி அதன் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லி, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது மூளைக் கட்டியா? ஆயுள் முழுக்க ஸ்டீராய்டா? அம்மாவுக்கு இப்போது தெம்பு வந்திருக்கிறது. தம்பி பிறந்த பிறகு விட்டுப்போன பழனி நடைப்பயணத்தை வரும் தைப்பூசத்துக்குத் தொடரலாமா? இவையே மகளின் கேள்விகள்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது கட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ஷீஹான் நோய். 1937இல் பிரிட்டனைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஷீஹான் விளக்கமாக எழுதியது. பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போகும்போது பிட்யூட்டரியின் முன்பகுதி ரத்த ஓட்டம் இல்லாமல் கருகிப்போகிறது. உள்ளே இருந்த சுரப்பி வற்றிவிட்டதால், எலும்புக் குழி மட்டும் ஸ்கேனில் காலியாகத் தெரிகிறது. ‘மூளையில் ஒரு இடம் காலி’ என்று வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பிட்யூட்டரி ஒரு பெரிய பட்டாணி அளவுதான். எடை சுமார் அரை கிராம். மூளைக்கு அடியில், மூக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்பகுதி ஆறு முக்கிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. தைராய்டை ஏவும் டி.எஸ்.எச்., சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினலை ஏவும் ஏ.சி.டி.எச்., சினைப்பையையும் விரையையும் ஏவும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தாய்ப்பாலுக்கான புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன். நம் பக்கத்துப் பழைய வட்டிக்கடை நிர்வாகத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த ஊரில் அவருடைய ஏஜெண்ட் கடையை நடத்துவார். கடைக்கணக்கு முதலாளிக்கு வந்துகொண்டே இருக்கும். கணக்கைப் பார்த்து அவர் அடுத்த உத்தரவை எழுதுவார். பிட்யூட்டரிக்கு மேலே மூளையில் இருக்கும் ஹைபோதாலமஸ்தான் முதலாளி, பிட்யூட்டரி ஏஜெண்ட், தைராய்டும் அட்ரினலும் சினைப்பையும் கடைகள். உங்கள் அம்மாவின் உடம்பில் கடைகள் எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஏஜெண்ட் இல்லாததால் உத்தரவு வரவில்லை. எந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கர்ப்ப காலத்தில் பாலூட்டலுக்குத் தயாராவதற்காகப் பிட்யூட்டரி கணிசமாகப் பெருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களோ அழுத்தம் குறைந்தவை. பெருத்த சுரப்பி, மெலிந்த ரத்த ஓட்டம், அதே நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்துபோகும் அளவுக்கு ரத்தப்போக்கு: இந்த மூன்றும் சேர்ந்தால் முன்பகுதி தாங்காது. சில பெண்களுக்குச் சில நாள்களிலேயே தெரிந்துவிடும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், ஏனென்றால் மிஞ்சிய கொஞ்சம் திசு தடுமாறித் தடுமாறி வேலை செய்துகொண்டிருக்கும். காய்ச்சலோ வாந்தியோ அறுவை சிகிச்சையோ வரும் நாளில்தான் அது கைவிடும். உங்கள் அம்மாவுக்கு 23 ஆண்டு கழித்து நினைவு தப்பியது இப்படித்தான்.

காரைக்குடியில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த நோயில் எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அடையாளம் எல்லாம் முதல் மாதத்திலேயே வீட்டுக்குள் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. தம்பிக்குத் தாய்ப்பால் கொடுத்தார்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாகப் பால் சுரந்தே இருக்காது. மாட்டுப்பாலும் புட்டிப்பாலும் கொடுத்துத்தான் வளர்த்திருப்பார்கள். அது முதல் அடையாளம். மாதவிடாய் திரும்ப வந்ததா? வந்திருக்காது. ‘சீக்கிரம் நின்றுவிட்டது, ஒரு தொல்லை விட்டது’ என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அக்குளிலும் அடிவயிற்றிலும் முடி உதிர்ந்து திரும்ப முளைக்காமல் போயிருக்கும். இதைப் பெண்கள் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. புருவத்தின் ஓரம் மெலிந்திருக்கும், வாயைச் சுற்றி மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கும், தோல் வெளிறியிருக்கும். சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார்கள். ‘அவளுக்கு எப்போதும் முடியாது’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டு, வீடு தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ரத்தச்சோகை ஊசியும் சத்து டானிக்கும் மாறி மாறி நடக்கும்.

இதில் விலை குறைந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. அதற்குரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இயல்பாக மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். ரத்தத்தில் உயர்ந்திருக்க வேண்டும். சினைப்பை ஓய்ந்துவிட்டது, அதை எழுப்பப் பிட்யூட்டரி மேலும் மேலும் ஏவுகிறது என்று பொருள். 51 வயதுப் பெண்ணுக்கு மாதவிடாயும் இல்லை, எஃப்.எஸ்.எச்.சும் குறைவு என்றால், ஏவுகிற இடமே செயலிழந்திருக்கிறது. சாதாரண ஆய்வகத்திலேயே இதைப் பார்க்கலாம். கூடவே காலை 8 மணிக்கு எடுக்கும் கார்ட்டிசால், அதாவது அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன். அது டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அட்ரினல் ஏவப்படவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. இடைப்பட்ட அளவாக இருந்தால் ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படும். எம்.ஆர்.ஐ. இதற்கெல்லாம் பிறகுதான்.

சோடியத்துக்கு வருகிறேன். சோடியம் குறைவு என்றதும் கஞ்சியில் ஒரு கைப்பிடி உப்பு, ஊறுகாய், மோர் என்று எல்லா வீடுகளிலும் கொடுக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கும் கொடுத்திருப்பீர்கள். இங்கே உப்பு போதாமல் சோடியம் குறையவில்லை. கார்ட்டிசால் இல்லாத உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது; தண்ணீர் கூடியதால் சோடியம் நீர்த்துப்போகிறது. உப்பைக் கொட்டினாலும் அது நிலைக்காது. கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்ட பிறகு ஓரிரு நாளில் சோடியம் தானாக ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்னொன்று: அட்ரினலே நேரடியாகப் பழுதான அடிசன் நோயில் தோல் கறுக்கும், பொட்டாசியம் ஏறும். பிட்யூட்டரி பழுதானால் தோல் வெளிறும், பொட்டாசியம் சரியாகவே இருக்கும். சோடியம் திரும்பத் திரும்ப விழுகிற நடுத்தர வயதுப் பெண்ணை சலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பும் முன், கடைசிப் பிரசவம் எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் உங்கள் அம்மாவுக்கு இரண்டாவது முறை நினைவு தப்பியிருக்காது.

தைராய்டு மாத்திரை ஏன் கெடுத்தது? இந்த நோயில் தைராய்டு ஹார்மோனும் குறைவுதான், மாத்திரை வேண்டியதும்தான். வரிசை தவறிவிட்டது. அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் உடம்பின் எல்லா வேலைகளையும் வேகப்படுத்தும். மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சக் கார்ட்டிசாலும் அந்த வேகத்தில் சீக்கிரம் செலவாகிவிடும். விளைவு அட்ரினல் நெருக்கடி: வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம். எனவே ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. இந்த வரிசையை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. தைராய்டுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பதே எங்கும் வழக்கம். தைராய்டு பழுதானவர்களுக்கு அது போதும். ஏஜெண்ட் உயர்த்திக் குரல் கொடுப்பார், டி.எஸ்.எச். ஏறும். பிட்யூட்டரி பழுதானவர்களுக்கு டி.எஸ்.எச். இயல்பாகவோ குறைவாகவோ வரும், ‘தைராய்டு நார்மல்’ என்று ரிப்போர்ட் சொல்லும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பார்த்தால்தான் உண்மை தெரியும். உங்கள் அம்மாவுக்கு இனி மாத்திரை அளவை மாற்றும்போதும் ஃப்ரீ டி4ஐ வைத்துத்தான் மாற்ற வேண்டும். டி.எஸ்.எச். குறைந்திருக்கிறது என்று யாராவது தைராக்சினைக் குறைத்தால் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது ஆயுள் முழுக்க ஸ்டீராய்டா என்ற கேள்வி. ஆம், ஆயுள் முழுக்க. ஆனால் இங்கே கொடுப்பது உடம்பு தானே தினமும் செய்துகொள்ள வேண்டிய அளவு மட்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் என்றால் பெரும்பாலும் நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம். காலையில் பெரும்பகுதி, மதியம் அல்லது மாலையில் மிச்சம். பிரெட்னிசலோன் என்றால் 3 முதல் 5 மில்லிகிராம். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் பெரிய அளவுகளோடு இதைச் சேர்த்துப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை வரும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அளவு மீறினால் அதெல்லாம் உண்மை. சரியான அளவில், இதை நிறுத்துவதுதான் ஆபத்து.

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். காய்ச்சல் வந்தால் அன்றே மாத்திரையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்க வேண்டும், குணமானதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியால் மாத்திரை நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட வேண்டும். நள்ளிரவில் கிராமத்திலிருந்து காரைக்குடிக்கோ சிவகங்கைக்கோ போய்ச் சேர நேரமாகும். ஊசி மருந்தை வீட்டில் வைத்து, தம்பியையோ பக்கத்தில் உள்ள செவிலியரையோ போடக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பல் பிடுங்கினாலும், கண்புரை அறுவை சிகிச்சை செய்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘பிட்யூட்டரி குறைபாடு, ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள்.

ஸ்டீராய்டு பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. மூட்டுவலிக்கு, மூச்சிரைப்புக்கு என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடியோ மாத்திரையோ கொடுக்கும் ஆள்கள் நம் சந்தைகளிலும் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். இரண்டு வேளையில் வலி பறந்துபோகிறது என்றால் அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டால், வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்துப் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். சுரப்பதை நிறுத்திவிடும். முகம் உருண்டு சிவக்கும், கை கால் மெலியும், வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழும். பொட்டலக்காரர் ஒரு வாரம் வராவிட்டால், நல்ல பிட்யூட்டரி உள்ளவருக்கும் உங்கள் அம்மாவுக்கு வந்த அதே நெருக்கடி வரும். இதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள்; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வறண்ட நம் பூமிக்குச் சொந்தமான இன்னொரு காரணமும் உண்டு: கண்ணாடி விரியன். கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் காலில் கடிக்கும் இந்தப் பாம்பின் விஷம் ரத்தம் உறைவதைக் குலைக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அதே குலைவில் சிலருக்குப் பிட்யூட்டரிக்குள் ரத்தம் கசிந்து அல்லது உறைந்து ஷீஹான் நோயைப் போன்ற நிலையே வருகிறது. 1987இல் பர்மாவிலிருந்து வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிறகு இந்தியாவிலும் பல நோயாளிகளிடம் கண்டிருக்கிறார்கள். நம் முன்னோர் தேக்கும் அரிசியும் வட்டியும் தேடிப்போன அதே பர்மாவின் வயல்களில், நம் வயல்களில் இருப்பதற்கு நெருங்கிய உறவான விரியன். கடிபட்டுப் பிழைத்த ஆண் ஒருவர் சில மாதமோ சில ஆண்டோ கழித்து, தாடி வளரவில்லை, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, எழுந்து நிற்கத் தலை சுற்றுகிறது என்று சொன்னால், பாம்புக்கடியை நினைவில் வைத்துப் பிட்யூட்டரியைப் பாருங்கள்.

இதுவரை சொன்னது சுரப்பி குறைந்துபோவது. மிகுந்துபோவதும் உண்டு, அது பெரும்பாலும் சிறு கட்டியால் வரும். ஏறக்குறைய எல்லாமே புற்றுநோய் அல்லாத கட்டிகள். இவற்றில் அதிகம் காண்பது புரோலாக்டின் கட்டி. பிள்ளை பெறாத பெண்ணுக்கு மார்பில் பால் கசியும், மாதவிடாய் தள்ளிப்போகும், கரு நிற்காது. பெரும்பாலானவர்களுக்கு இதற்குக் கத்தியே வேண்டாம்; வாரம் இரண்டு முறை சாப்பிடும் கேபர்கோலின் மாத்திரையில் கட்டி சுருங்கும். ஆனால் கட்டி என்று முடிவு கட்டும் முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். வயிற்று உப்புசத்துக்கு என்று மாதக்கணக்கில் சாப்பிடும் மாத்திரையில் டொம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருந்தால் அதுவே புரோலாக்டினை ஏற்றும். தைராய்டுக் குறைவும் ஏற்றும். மாத்திரையை மாற்றியதும் சரியாகிவிடும் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து, மலடி என்று பட்டம் கட்டி, கல்யாணத்தையே கெடுத்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் பெரியவர்களுக்கு அக்ரோமெகலி. 1886இல் பிரான்சின் பியர் மரி பெயர் வைத்த நோய். உயரம் கூடாது, கையும் காலும் தாடையும் பெருக்கும். இது மெல்ல வருவதால் தினமும் பார்க்கும் வீட்டாருக்குத் தெரியாது. கல்யாண மோதிரம் விரலில் ஏறவில்லை, செருப்பு அளவு இரண்டு முறை மாறிவிட்டது, பல் இடைவெளி அகன்றுவிட்டது என்பவரைப் பழைய கல்யாணப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரையும் குறட்டையும் கூடவே வரும். ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனை போதும், தொடங்குவதற்கு. ஏ.சி.டி.எச். மிகுந்தால் வருவது ஹார்வி குஷிங் 1932இல் விளக்கிய குஷிங் நோய். அதன் தோற்றம் மேலே சொன்ன பொட்டலக்காரரின் நோயாளியைப் போலவே இருக்கும். இந்த இரண்டுக்கும் முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவை சிகிச்சை. மண்டையைத் திறப்பதில்லை, மூக்கு வழியாகவே போய் எடுக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் குள்ளமாக நின்றுவிடுவார்கள். பிறந்தநாளன்று வளவுத் தூணில் பென்சிலால் உயரம் குறிக்கும் வழக்கம் உள்ள வீடுகள் கவனியுங்கள்: பள்ளி வயதில் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு முனை மூடிய பிறகு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டும் உயரம் கூடாது.

எந்த வகையானாலும் பெரிய கட்டி, மேலே குறுக்கே ஓடும் பார்வை நரம்பை அழுத்தும். நேர்ப்பார்வை நன்றாக இருக்கும், இரண்டு பக்கமும் மறைந்துபோகும். சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை, கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறேன் என்பவருக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொடுத்து அனுப்பக் கூடாது. திடீரென்று தலை வெடிப்பது போன்ற வலியும் பார்வை மங்கலும் வாந்தியும் சேர்ந்து வந்தால், சுரப்பிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

இனிப் பழனி. வரும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக முழுத் தூரமும் நடப்பதை நான் இந்த ஆண்டு தடுப்பேன். மருந்து தொடங்கி உடம்பு ஒரு நிலைக்கு வர, தசையில் வலு ஏற, ஃப்ரீ டி4 சரியான அளவில் நிற்கச் சில மாதங்கள் வேண்டும். ஒரு நாள் நடையை நடந்து பார்க்கட்டும்; மீதியை வண்டியில் போகட்டும். நீண்ட நடைக்கு முன் ஹைட்ரோகார்ட்டிசோன் கூடுதலாக ஒரு சிறு வேளை தேவைப்படும், அளவை மருத்துவர் சொல்லட்டும். மாலை போட்டு ஒருவேளை உணவு என்று விரதம் இருந்தாலும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. வெறும் வயிற்றோடு நடக்கவும் கூடாது, இவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஊசியும் அட்டையும் தம்பியின் பையில் இருக்க வேண்டும், தம்பி கூடவே நடக்க வேண்டும். வழியில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் அங்கேயே நடையை நிறுத்திவிட்டு, மாத்திரையைக் கூட்டி, பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடுத்த ஆண்டு காலைக் கார்ட்டிசாலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், அவர் எப்படி மாடிப்படி ஏறுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், இரத்த அழுத்தம் எப்படி நிற்கிறது என்று பார்த்து முழு நடைக்கு முடிவு செய்யலாம்.